வீட்டில் சனுகி உடோன்: உப்புத் தண்ணீரை அளக்கக் கற்ற ஆறு மாதம்

ஜனவரி இரண்டாம் ஞாயிறு. உடோன் என்ற தடித்த ஜப்பானியக் கோதுமை நூடுல்ஸை வீட்டில் செய்து பார்க்கும் முதல் முயற்சி. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் 500 கிராம் மாவு, பக்கத்தில் ஒரு குவளையில் உப்புத் தண்ணீர். தண்ணீரை ஊற்றி, விரல்களை விரித்துக் கிளறிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் ஆகியும் மாவு ஒன்றுசேரவில்லை. புட்டுக்கு விரவிய மாவு போல இருந்தது; பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. சிறு வயதிலிருந்து சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைக்கு இந்த வறட்சி பொறுக்கவில்லை. இன்னும் கால் டம்ளர் தண்ணீர் விட்டேன். இரண்டே நிமிடத்தில் மாவு திரண்டு, தொட்டால் பூப்போல வந்தது. நல்ல மாவு என்று சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் அந்த மாவு கத்தியில் ஒட்டியது. வெட்டிய இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் பாதி கரைந்து கஞ்சியானது, மீதி கொழகொழவென்று கிண்ணத்தில் கிடந்தது. நான் தண்ணீர் விட்டுக் கெடுத்த அந்த உதிரி மாவுதான் உடோனுக்குச் சரியான மாவு. இதைத் தலை உடனே புரிந்துகொண்டது. கை ஏற்றுக்கொள்ள நான்கு ஞாயிறு பிடித்தது.

நாங்கள் இருப்பது ஷிகோகு தீவில், ககாவா மாகாணத்தின் தலைநகரான தகாமட்சுவில். இந்த மாகாணத்தின் பழைய பெயர் சனுகி. பரப்பளவில் ஜப்பானிலேயே சின்ன மாகாணம் இது. ஆனால் உடோன் என்றதும் நாட்டில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது சனுகிதான். மலைத்தொடருக்கும் உள்கடலுக்கும் நடுவில் இருப்பதால் மழை குறைவு, பெரிய ஆறும் கிடையாது. அதனால் ஆயிரக்கணக்கில் ஏரிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். கண்மாய்ப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிலம் சட்டென்று பழகிவிடும். நெல் அறுத்த வயலில் கோதுமை, கடலோரத்தில் உப்பளம், எதிரே ஷோடோஷிமா தீவில் சோயா சாஸ், மேற்கே இபுகி தீவில் நெத்திலி என்று ஒரு கிண்ணம் உடோனுக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. இங்குள்ள மன்னோ ஏரியை 821-இல் சீர்ப்படுத்திய கூகாய் என்ற துறவிதான் சீனாவிலிருந்து உடோனையும் கொண்டுவந்தார் என்பார்கள். ஏரி விஷயம் வரலாறு, உடோன் விஷயம் செவிவழிக் கதை. தண்ணீரையும் உடோனையும் ஒரே ஆள் தந்ததாக ஊர் நினைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். கடை நடத்தியவர் அல்ல. மாமியார் வீட்டில் விசேஷ நாட்களில் உடோன் செய்து பழகியவர். என் முதல் மாவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது ரொட்டிக்கு ஆகும்" என்றார். அடுத்த வாரமே தராசும் கையுமாக அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். இனி நான் எழுதுவதில் பாதி அவர் சொன்னது, பாதி என் நோட்டில் இருப்பது.

முதலில் மாவு. இங்கே கடையில் கோதுமை மாவு மூன்று தரத்தில் கிடைக்கும். கேக்குக்கு மெல்லிய மாவு, ரொட்டிக்கு வலுவான மாவு, இரண்டுக்கும் நடுவில் உடோன் மாவு. நடுத்தர மாவில் புரதம் 8 முதல் 10 சதவீதம்வரை இருக்கும். உடோன் மாவு கிடைக்காத நாளில் கேக் மாவையும் ரொட்டி மாவையும் சரிபாதியாகக் கலந்து செய்தேன், பெரிய குறை தெரியவில்லை. மைதாவில் செய்ய நினைப்பவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு 9, 10 கிராம் புரதம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜப்பானில் உடோனாகும் கோதுமையில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அதன் மாவுச்சத்தில் அமைலோஸ் சற்றுக் குறைவு என்பதால் வெந்த இழை மிருதுவாகவும் இழுபடும் தன்மையோடும் இருக்கும். சொந்தக் கோதுமை வேண்டும் என்று ககாவா மாகாணமே ஒரு ரகத்தை உருவாக்கி, 'சனுகி நோ யுமே 2000' என்று பெயர் வைத்தது. சனுகியின் கனவு என்று பொருள். கையாளக் கடினமாக இருக்கிறது என்று மாவு பிசைபவர்கள் சொல்ல, பிறகு 2009 என்ற எண்ணோடு அடுத்த ரகம் வந்தது. அந்த மாவில் இரண்டு தடவை செய்தேன். வேகும்போது எழும் கோதுமை வாசனைக்காகவே அதை வாங்கலாம். ஆனால் பழகுகிற நாட்களில் ஆஸ்திரேலிய மாவு தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது.

அடுத்தது உப்புத் தண்ணீர். என்னை ஆறு மாதம் இழுத்தடித்த விஷயம் இதுதான். என் நோட்டில் குளிர்கால அளவு இப்படி இருக்கிறது: மாவு 500 கிராம், தண்ணீர் 230 கிராம், உப்பு 20 கிராம். மில்லியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தராசில் வைத்து கிராமிலேயே அளந்தேன். மாவின் எடையில் சரிபாதி உப்புத் தண்ணீர் என்பது வீட்டில் செய்பவர்களுக்குப் பாதுகாப்பான அளவு. கை தேர்ந்தவர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார்கள். 'சனுகி உடோன்' என்பதோடு 'அசல் ஊரின் சிறப்பு' போன்ற அடைமொழியையும் பாக்கெட்டில் போட்டு விற்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: மாவுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாமல் தண்ணீர், 3 சதவீதத்துக்குக் குறையாமல் உப்பு, பிசைந்த மாவுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு.

இவ்வளவு உப்பா என்று பயப்பட வேண்டாம். பெரும்பகுதி வேகும் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால்தான் உலைத் தண்ணீரில் உப்புப் போடுவதில்லை. மாவில் இருக்கும்வரை உப்பு வேறு வேலை பார்க்கிறது: கோதுமைப் புரதம் நீரோடு சேர்ந்து பின்னுகிற வலையை இறுக்குகிறது, புரதத்தை அரிக்கும் நொதிகளை அடக்கி வைக்கிறது. உப்பில்லாமல் ஒரு தடவை பிசைந்து பார்த்தேன். தேய்க்கும்போதே கந்தல் துணி போல ஓரங்கள் கிழிந்தன. யமனாஷிப் பக்கத்து ஹோட்டோ என்ற நூடுல்ஸும் நகோயாவின் மிசோ நிகோமி உடோனும் உப்பில்லாமல்தான் பிசையப்படுகின்றன. ஆனால் அவை குழம்பிலேயே வேகிறவை. அதற்கு ஏற்றபடி தடிமனும் பக்குவமும் வேறு.

பிசைவதற்கு வருகிறேன். உப்புத் தண்ணீரை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. முக்கால் பங்கை மாவின் மேல் சுற்றி ஊற்றி, இரண்டு கை விரல்களையும் நகத்தால் கீறுவது போல வைத்துக்கொண்டு, பாத்திரத்தின் அடியிலிருந்து கிளற வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஓரிடம் ஈரமாகவும் ஓரிடம் வெறும் மாவாகவும் நின்றுவிடும். மூன்று நிமிடத்தில் மணல் மணலாக வரும், மீதித் தண்ணீரைத் தெளித்துக் கிளறினால் பட்டாணி அளவில் உருண்டு வரும். வெள்ளையாக இருந்த மாவு இளமஞ்சளாகிவிடும். நிறுத்த வேண்டிய அடையாளம் இந்த நிறம்தான். இப்போது எல்லாவற்றையும் கையால் அழுத்தி ஒரு கட்டியாகச் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பார்க்க அசிங்கமாக, வெடிப்பும் பிளவுமாக இருக்கும். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகாதீர்கள். அரை மணி கழித்துப் பையைத் திறந்தால் அதே கட்டி தானே ஈரத்தை இழுத்துச் சற்றுத் தளர்ந்திருக்கும்.

அப்புறம் காலால் மிதிக்க வேண்டும். சாப்பிடும் பொருளில் கால் படக் கூடாது என்று வளர்ந்த எனக்கு, முதல் நாள் பையின் மேல் ஏறி நிற்கவே மனம் வரவில்லை. சுத்தமான காலுறை, தடித்த பை ஒன்றுக்குள் ஒன்று, கீழே துவைத்த துண்டு என்று எல்லாம் இருந்தும் தயங்கினேன். பாட்டி என் தயக்கத்தைக் கவனித்துவிட்டு, கைகூப்பி மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஏறச் சொன்னார். அவர் எப்போதும் அப்படிச் செய்வாரா, எனக்காகச் சொன்னாரா என்று கேட்கவில்லை. இன்றும் வணங்கிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

இத்தனை குறைந்த தண்ணீரில் பிசைந்த மாவைக் கை அசைக்காது. மணிக்கட்டு வலிக்கும், மாவு அப்படியே இருக்கும். உடம்பின் எடை முழுவதும் குதிகாலில் இறங்கினால்தான் அது மெல்ல மெல்ல விரியும். நடுவில் தொடங்கி, அரை அடியாக வைத்து, சுற்றிச் சுற்றி வெளிப்பக்கம் மிதிக்க வேண்டும். தட்டையானதும் மூன்றாக மடித்து மறுபடி மிதி. இப்படி நான்கு தடவை. முதல் மடிப்பில் காலுக்குக் கீழே கல் போல இருந்தது, மூன்றாவதில் ஈரக் களிமண் போல இடம் கொடுக்கும், நான்காவதில் குதிகாலைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளல் வந்ததும் இறங்கிவிட வேண்டும். பலம் கூடட்டும் என்று ஆறேழு தடவை மிதித்த நாளில் மேற்பரப்பு தோல் உரிந்தது போலச் சொரசொரத்தது. பின்னிய வலை அறுந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு ஓய்வு கொடுத்தும் சரியாகவில்லை.

மடிப்பின் ஓரங்களை நடுவுக்கு இழுத்து இழுத்து உருண்டையாக்கி, பிளவை அடியில் வைத்து, மறுபடி பைக்குள் போட்டு மூடினால் அடுத்தது ஓய்வு. இரண்டாம் முயற்சியில் இதில்தான் தவறினேன். பசி, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று நாற்பது நிமிடத்தில் எடுத்துத் தேய்த்தேன். கட்டையை உருட்டும்வரை விரிகிறது, கட்டையை எடுத்ததும் சுருங்கி உள்ளே போகிறது. பலத்தைக் காட்டித் தேய்த்ததில் ஓரம் 2 மில்லிமீட்டர், நடு 5 மில்லிமீட்டர். வேகவைத்தபோது ஓரத்து இழை குழைந்தது, நடு இழைக்குள் வெள்ளையாகப் பச்சை மாவு தெரிந்தது.

ஓய்வு போதுமா என்பதற்குப் பாட்டி சொன்ன அளவு, காது மடல். ஒரு கையால் மாவையும் மறு கையால் காதின் கீழ் மடலையும் கிள்ளிப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சரி. இந்த ஊரில் மாவின் மென்மைக்கு வழக்கமாகச் சொல்லும் உவமைதான் அது, அவர் கண்டுபிடித்தது இல்லை. ஜனவரியில் என் சமையலறை 9 டிகிரி. அங்கே வைத்த மாவு மூன்று மணி நேரம் கழித்தும் மூக்கின் நுனி போல விறைத்துக் கிடந்தது. போர்வைக்குள் வைத்தேன், இரண்டு மணி நேரத்தில் மடல் பதம் வந்தது.

தேய்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு சரியாக இருந்தால் மாவு தானே இடம் கொடுக்கும். நீளமான கட்டை வேண்டும், நான் 75 சென்டிமீட்டர் கட்டை வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைத் தாராளமாகத் தூவி, மாவைக் கட்டையில் சுற்றி உருட்டி, கால் வட்டம் திருப்பி மறுபடி சுற்றி உருட்டினால் வட்டம் மெல்லச் சதுரமாகும். 3 மில்லிமீட்டர் கனம் வந்ததும் மேலும் ஸ்டார்ச் தூவி, திரைச்சீலையை மடிப்பது போல முன்னும் பின்னுமாக மடித்து, 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்ட வேண்டும். கத்தியை இழுக்காமல் நேராக இறக்கினால் இழையின் நான்கு மூலையும் கூராக நிற்கும். வெந்த பிறகும் உதட்டில் அந்த மூலை தெரியும். கையால் வெட்டிய உடோன் என்பதை நான் அதில்தான் அறிகிறேன்.

வேகவைக்க என்னிடம் இருப்பதில் பெரிய பாத்திரம். 300 கிராம் பச்சை இழைக்கு 4 லிட்டர் தண்ணீர், தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் ஸ்டார்ச்சை உதறிவிட்டு இழைகளைத் தூவுவது போலப் போடுங்கள். அவை மிதந்து மேலே வரும்வரை கிளறாதீர்கள். பச்சை இழை குச்சி பட்டால் அறுந்துவிடும். மேலே வந்த பிறகு கொதியே அவற்றைச் சுழற்றும். 12 நிமிடம். 10-ஆவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்து, வெட்டு முகத்தைப் பார்ப்பேன். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் விட வேண்டும், முழுக்கக் கண்ணாடித்தன்மை வந்துவிட்டால் அந்த நொடியே எடுக்க வேண்டும்.

எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவும் வேலை. இதைச் சும்மா ஆறவைக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். முதல் தண்ணீரில் கையை விட்டால் இழைகள் விலாங்கு மீன் போல வழுக்கும், மேலே கரைந்த மாவுச்சத்துப் படலம். இரண்டு உள்ளங்கையாலும் துணி அலசுவது போலப் பிடித்துத் தேய்க்க வேண்டும். இரண்டாம் தண்ணீரில் வழுக்கல் குறையும். மூன்றாம் தண்ணீர் ஐஸ் போட்டது. அதில் இழை கைக்குள்ளேயே இறுகுவது தெரியும், விரலுக்கிடையில் கீச்சென்று ஒரு உரசல் வரும். உடையுமோ என்று பயந்து மென்மையாக அலசிய நாட்களில் அந்த உரசல் வரவே இல்லை.

இவ்வளவும் 'கோஷி' என்று இங்கே சொல்லும் ஒன்றுக்காக. இடுப்பு என்பது அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள். இழைக்குள் இருக்கும் வலு என்று புரிந்துகொள்ளலாம். கெட்டித்தன்மையை அப்படிச் சொல்வதில்லை. பல் முதலில் மிருதுவாக இறங்கும், நடுவில் ஒரு எதிர்ப்பு, பிறகு பட்டென்று விடும். அப்போதுதான் வெந்த இழையில் வெளிப்பக்கம் 80 சதவீதம்வரை ஈரம், நடுவில் 50 சதவீதம் அளவில்தான் ஈரம். பல்லுக்குத் தெரிவது அந்த வித்தியாசம். நேரம் போகப் போக ஈரம் உள்ளே பரவிச் சமமாகிவிடும், அதோடு கோஷியும் போய்விடும். ஆகவே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுத்தான் பாத்திரத்தில் இழையைப் போடுகிறேன். ஜப்பான் முழுக்க இதே சுவை என்று எண்ண வேண்டாம். இசே பக்கத்து உடோனை ஒரு மணி நேரம் போல வேகவைத்துப் பஞ்சாக்கித்தான் சாப்பிடுகிறார்கள், ஹக்காட்டாவிலும் மென்மைதான் விருப்பம்.

சாறுக்கு இந்த ஊரில் இரிகோ. நம் நெத்திலியின் இனம்தான். பிடித்ததும் இபுகி தீவுக் கரையிலேயே அவித்துக் காயவைக்கிறார்கள், அதனால் கருவாட்டின் வீச்சம் இல்லை. தலையையும் வயிற்றுக் கறுப்பையும் கிள்ளி எடுத்து, 30 கிராம் இரிகோவையும் ஒரு துண்டு கோம்புக் கடற்பாசியையும் 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்கிறேன். காலையில் சிறு தீயில் ஏற்றி, கொதி வரும் முன் கோம்பை எடுத்துவிட்டு, நுரையை நீக்கியபடி ஐந்து நிமிடம் விட்டு வடிகட்ட வேண்டும். வெளிர் நிறச் சோயா சாஸ் 40 மில்லி, மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மது 20 மில்லி, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றுக் கறுப்பை எடுக்கச் சோம்பல்பட்ட அன்று மட்டும் கசந்தது.

பிப்ரவரி முடியும்போது எல்லாம் கைவந்துவிட்டது. மார்ச், ஏப்ரல், மே என்று பத்து தடவைக்கு மேல் செய்தேன். ஜூன் கடைசி ஞாயிறு அதே 20 கிராம் உப்பு, அதே 230 கிராம் தண்ணீர். சமையலறை 31 டிகிரி, மழைக்காலப் புழுக்கம். ஓய்வு முடிந்து பையைத் திறந்தால் மாவு உருண்டை வடிவம் இழந்து, தட்டையாகப் படர்ந்து பையோடு ஒட்டிக்கிடந்தது. ஜனவரியில் முதல் தடவை கண்ட அதே மாவு, இந்தத் தடவை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடுதலாக விடாமல்.

பாட்டியிடம் காட்டினேன். "தோ சான், கான் ரோக்கு, ஜோ கோ ஹாய்" என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். மாவு பிசைபவர்களின் பழைய வாய்ப்பாடு. கொளுத்தும் கோடையில் ஒரு கிண்ணம் உப்புக்கு மூன்று கிண்ணம் தண்ணீர், கடுங்குளிரில் ஆறு, மற்ற நாட்களில் ஐந்து. வெயிலில் மாவு தளரும், ஆகவே உப்பைக் கூட்டி இறுக்கு. குளிரில் விறைக்கும், ஆகவே உப்பைக் குறைத்து இளக்கு. அந்தக் கணக்கை அப்படியே போட்டால் நம் வீட்டு அளவுக்கு உப்பு கூடிவிடும். ஆனால் ஏறி இறங்கும் முறையை எடுத்துக்கொண்டேன். குளிருக்கு 20 கிராம் உப்பு, 230 தண்ணீர். வசந்தத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும் 25-க்கு 225. கோடைக்கு 30-க்கு 215. ஓய்வும் கோடையில் இரண்டு மணி நேரத்தோடு சரி.

ஜூலை 2 ககாவாவில் உடோன் நாள். நடவு முடிந்த களைப்பில் உதவிக்கு வந்தவர்களுக்குப் புதுக் கோதுமையில் உடோன் செய்து போடும் வழக்கம் இங்கே இருந்திருக்கிறது. அதை வைத்து உள்ளூர் நூடுல்ஸ் தயாரிப்பாளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1980-இல் இந்த நாளைக் குறித்தது. அன்று விடியற்காலையில் 30 கிராம் உப்போடு பிசைந்தேன். வெயில் ஏறிய பிறகும் மாவு காது மடல் பதத்திலேயே நின்றது. வெட்டினேன், வேகவைத்தேன், ஐஸ் தண்ணீரில் கீச்சென்று உரசும்வரை அலசினேன். துருவிய இஞ்சி, நறுக்கிய வெங்காயத்தாள், கொஞ்சம் கெட்டியான குளிர்ந்த சாறு ஊற்றி ஒரு கிண்ணத்தைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பாட்டி ஒரு இழையைக் குச்சியால் தூக்கி, பாதி கடித்து, மீதியின் வெட்டு முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைக் காலி செய்தார். குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டு, "வெயில் காலத்துக்கு அரை மில்லிமீட்டர் கூட்டி வெட்டலாம், சில்லென்று சாப்பிட அதுதான் நன்றாயிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து நோட்டில் 3 என்பதை அடித்து 3.5 என்று எழுதினேன். வேகும் நேரம் 13 நிமிடம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.